சூடாகாத பிரேக்

என் மகள் கார் ஓட்டப் பழகியது பாதி திருப்பதித் தெருக்களில். மீதிப் பாதி எங்கள் வீட்டு முன்னறையில், கம்ப்யூட்டர் மேசைக்கு முன்னால் போட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். அந்த முன்னறையில் நான் செய்த ஒரு காரியத்தை வெகு காலம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததால் என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் திருப்பதியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன். பிறந்தது நாகலாபுரத்துப் பக்கம். என் நைனா, அதாவது அப்பா, அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். எங்கள் வீட்டில் சைக்கிள்கூட இருந்ததில்லை. அதனாலோ என்னவோ, ஓடுகிற எந்த வண்டியின் மேலும் எனக்குப் பயம் உண்டு. வங்கிக்காரர்கள் கல்லூரி வாசலுக்கே வந்து லெக்சரர்களுக்குக் கார் கடன் கொடுத்த காலத்தில், ஐம்பது வயதைத் தாண்டி, நானும் ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கினேன். வீட்டிலிருந்து கல்லூரி, கல்லூரியிலிருந்து வீடு. அதற்கு மேல் போனதில்லை. பின்னால் வருகிற ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து போவார்கள். "இந்தக் காருக்குக் கொஞ்சம் வைக்கோல் போடுங்க, அதுவாச்சும் வேகமா போவும்" என்பாள் என் மனைவி.

மகள் கணக்கில் எம்.எஸ்ஸி. படித்து, பி.எட்.டும் முடித்திருந்தாள். மாப்பிள்ளை பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு அமெரிக்கா போனவர். கல்யாணம் முடிந்து அவர் திரும்பிப் போய்விட்டார். இவள் விசாவுக்காக எங்கள் வீட்டில் காத்திருந்தாள். அவர் இருந்தது பெரிய நகரம் இல்லை. போனில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "இங்க பஸ்ஸே கிடையாது மாமா. வண்டி ஓட்டத் தெரியலன்னா வீட்டுக்குள்ளயே உக்காந்துக்கினு இருக்கணும். அங்கயே பழகிக்கினு வரச் சொல்லுங்க."

ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்த்து லைசென்ஸ் வாங்கிவிட்டோம். அந்த ஸ்கூல் காரில் பக்கத்து இருக்கைக்காரர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எங்கள் காரில் அது கிடையாது. முதல் நாள் ரேணிகுண்டா சாலையில் அவளை ஓட்ட விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓர் ஆட்டோ குறுக்கே வந்தது. அவள் சரியாகத்தான் பிரேக் போட்டாள். நான்தான் கத்திக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். வண்டி சாலையை விட்டு மண்ணில் இறங்கி நின்றது. வீட்டுக்கு வந்ததும், கொஞ்ச நாளைக்குச் சாலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்காகச் சொல்வதாகத்தான் அன்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை கல்யாணத்துக்கு வந்தபோது பெங்களூர் அறையைக் காலி செய்த சாமான்களை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதில் ஓர் அட்டைப்பெட்டியில் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்டியரிங்கும் பெடல்களும் இருந்தன, கூடவே ஒரு கார் பந்தய விளையாட்டின் குறுந்தகடும். பொம்மை என்றுதான் நினைத்தேன். மேசை விளிம்பில் ஸ்டியரிங்கை முடுக்கி, முதல் முறை ஒரு வளைவை எடுத்தபோது அந்த நினைப்பு போய்விட்டது. வளைவில் வேகம் கூடக்கூட ஸ்டியரிங் கனத்தது. பிறகு சட்டென்று லேசாகிவிட்டது. முன் டயர்கள் பிடிப்பை இழந்துவிட்டன என்று அதற்கு அர்த்தம். நான் முப்பது வருஷமாகக் கரும்பலகையில் வரைந்து காட்டிய உராய்வு, என் உள்ளங்கைக்கு வந்தது அன்றைக்குத்தான்.

அதை உருவாக்கியவர்கள் யாரோ எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு காரின் எடை எப்படி இடம் மாறும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிரேக் போட்டால் எடை முன்னால் வரும், பின் டயர்கள் லேசாகும், அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி சுற்றிக்கொள்ளும். வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் மூக்கு உள்பக்கம் திரும்பும். எல்லாம் அப்படியே நடந்தன. உடம்புக்குத் தெரிகிறவை மட்டும் அதில் இல்லை. நாற்காலி சாயவில்லை. வயிறு ஒரு பக்கம் ஒதுங்கவில்லை. இறக்கத்தில் போகும்போது முதுகு இருக்கையை விட்டுப் பிரிவது தெரியவில்லை. கண்ணையும் கையையும் அது ஏமாற்றியது. மற்றபடி நான் வீட்டில் பத்திரமாக இருந்தேன். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

மகளை அதில் உட்கார வைத்தேன். அமெரிக்காவில் எல்லாம் ஆட்டோமேட்டிக் கார்தான் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்ததால் கியரைத் தானாக மாறும்படி வைத்தேன். பல பாதைகள் இருந்தன. மலையிலிருந்து இறங்கும் பாதை ஒன்றும் இருந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அதில் அவள் தேறிவிட்டால் எந்தச் சாலையிலும் தேறிவிடுவாள் என்று நான்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்தப் பாதையில் அவள் கீழே வந்து சேரவே இல்லை. மேல் வளைவுகள் எல்லாவற்றையும் நன்றாக எடுப்பாள். முக்கால் பாதை இறங்கிய பிறகு, எவ்வளவு அழுத்தினாலும் பிரேக் சரியாகப் பிடிக்காது. கடைசி வளைவுகளில் ஒன்றில் தடுப்பைத் தாண்டிப் பள்ளத்தில் விழுவாள். சில தடவை பாறைப் பக்கமாக வண்டியை உரசிக்கொண்டே போய் நிறுத்தப் பார்த்தாள். அதில் ஓரிரு முறை தப்பித்ததும் உண்டு. பெரும்பாலும் விழுந்தாள். விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் தேடிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. அதில் 'பிரேக் டெம்பரேச்சர்' என்று ஒரு கட்டம் இருந்தது. தொடர்ந்து பிரேக்கிலேயே இறங்கினால் அது சூடாகிப் பிடிப்பை இழக்கும்படி கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். நிஜ மலைச்சாலையில் எது நடக்குமோ அதுவே நடந்துகொண்டிருந்தது.

அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அன்று சாயங்காலம் அவள் மறுபடி விழுந்ததும், ஸ்டியரிங் மேலேயே தலையைச் சாய்த்து அழுதாள். அமெரிக்கா வேண்டாம், நான் போகவில்லை, அவரையே இங்கே வரச் சொல்லுங்கள் என்றாள். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. என் மனைவி சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். ஒரு விளையாட்டால் என் மகளின் குடித்தனமே கெட்டுவிடும் போலத் தோன்றியது.

அவள் முகம் கழுவப் போனாள். நான் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அந்தக் கட்டத்திலிருந்த டிக்கை எடுத்துவிட்டேன். கூடவே வண்டி சுற்றாமல் காக்கும் உதவி ஒன்று இருந்தது. அதற்கு டிக் போட்டேன். இரண்டு கிளிக், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அவள் கீழே வந்து சேர்ந்தாள். அடுத்த தடவையும் சேர்ந்தாள். "அம்மா, வந்து பாரேன்" என்று அவள் கூப்பிட்ட குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. என் மனைவி கரண்டியோடு வந்து பின்னால் நின்று பார்த்தாள். நான் கைதட்டினேன். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று மகள் கேட்டபோது, பழக்கம்தான், கை படிந்துவிட்டது என்றேன். அந்தப் பொய்யைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு வந்த தைரியம் நிஜமானது. விடியற்காலைகளில் காரை எடுத்தோம். திருச்சானூர் போனாள், சந்திரகிரி போனாள், ஒரு நாள் சித்தூர் வரை போய் வந்தாள். கிளச், கியர் எல்லாம் சரியாகக் கையாண்டாள். நான் ஓட்டுவதைவிட நன்றாகவே ஓட்டினாள். எல்லாம் சமதரைச் சாலைகள்.

விசா வந்தது. வந்தால் திருமலைக்கு வந்து முடி கொடுப்பதாக என் மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். டாக்ஸி சொல்லிவிடலாம் என்றேன். மகள் ஒப்புக்கொள்ளவில்லை, தானே ஓட்டுவேன் என்றாள். "அந்த மலைய இறங்கிட்டேன், இந்த மலைய இறங்க மாட்டனா?" என்று கேட்டாள். அவள் சொன்ன அந்த மலை கம்ப்யூட்டரில் இருந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பக்கத்தில் நான் இருக்கப்போகிறேன், பார்த்துக்கொள்ளலாம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஏறும்போது ஒரு கஷ்டமும் இல்லை. ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை என்பதால் எதிரே வண்டி வராது. மேலே ஒரு ராத்திரி தங்கினோம். தரிசனம் ஆயிற்று. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு என் மனைவி சின்னப் பெண்ணைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை லட்டுப் பைகளோடு கிளம்பினோம்.

திருப்பதிக்காரர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலையிறங்கும் வண்டிகளுக்கு மேலே ஒரு சீட்டில் நேரம் குறித்துக் கொடுப்பார்கள். கீழே அதைப் பார்ப்பார்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டால், வேகமாக வந்திருக்கிறாய் என்று அபராதம். டாக்ஸிக்காரர்கள் வேகமாக இறங்கிவிட்டுச் சோதனைச் சாவடிக்கு முன்னால் ஓரமாக நிறுத்திப் பீடி குடித்து நேரத்தைக் கழிப்பார்கள். எனக்கு அந்தச் சீட்டு பயத்தைக் கொடுத்தது. அபராதம் கட்டுவதை நினைத்து அல்ல. ஒரு பேராசிரியர் காரை நிறுத்தி, சாவடியில் நாலு பேர் பார்க்கக் கேள்வி கேட்பார்களே என்று. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி, முதல் வளைவிலிருந்தே மெதுவா மெதுவா என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

அவள் நான் சொன்னபடி கேட்டாள். மூன்றாவது கியரிலேயே, பிரேக்கை மிதித்த காலை எடுக்காமல், மெதுவாக இறங்கினாள். விளையாட்டில் அவள் அப்படித்தான் இறங்கிப் பழகியிருந்தாள். அங்கே கியர் தானாக மாறும். பிரேக் சூடாகாது. நான் அதைச் சூடாகவிடவில்லை.

எத்தனையோ வருஷம் அந்தப் பாடத்தை நடத்தியவன் நான். உயரத்தில் இருக்கும் பொருள் கீழே வரும்போது அதன் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பிரேக் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது கியர் போடு என்று மூன்று சொல் சொன்னால் போதும். ஐந்தாறு வளைவு தாண்டியதும் அந்தச் சொற்கள் என் வாய் வரைக்கும் வந்தன. ஆனால் சொன்னால் ஏன் என்று கேட்பாள். கம்ப்யூட்டரில் இப்படி இல்லையே என்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று பேசாமல் இருந்தேன். அந்தக் கொஞ்ச தூரம் முழுக்க என் இரண்டு பாதங்களும் காரின் தரையை அழுத்திக்கொண்டே வந்தன.

முதலில் வாசனை வந்தது. ரப்பர் கருகுவது போல, கூடவே சுட்ட இரும்பு போல. "எங்கயோ எரியுது" என்றாள் மனைவி பின்னாலிருந்து. முன்னால் போகிற பஸ்ஸாக இருக்கும் என்றேன். நம் வண்டிதான் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வளைவுக்கு முன்னால் மகளின் முழங்கால் மடங்கி நிமிர்வதைப் பார்த்தேன். இன்னொரு முறை மிதித்தாள்.

"நைனா, பிரேக்கு உள்ள போவுது. புடிக்கல."

அவள் குரல் உயரவில்லை. ஒரு தகவலைச் சொல்வது போலத்தான் சொன்னாள். வளைவு வந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை, வெளிச்சம்தான் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

எஞ்சின் அலறியது. அவள் இரண்டாவது கியருக்கு மாற்றியிருந்தாள். வண்டி முன்னால் குனிந்து என்னைப் பெல்ட்டுக்குள் தள்ளியது. மறுபடி ஓர் அலறல், முதல் கியர். பிறகு இடது பக்கம் முழுவதும் தகரம் கிழிகிற சத்தம். என் காதுக்குப் பக்கத்திலேயே பாறை ஓடியது. வளைவுக்கு முன்பே வண்டியை மலைப்பக்கம் சாய்த்து, உரசவிட்டு, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்திருக்கிறாள். முன் சக்கரம் ஒன்று சாலையோரக் கால்வாயில் இறங்க, வண்டி நின்றது.

கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தேன். என் மனைவியின் தலை முன் இருக்கையின் இரும்பில் மோதியிருந்தது. சந்தனத்தின் மேல் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. "எனக்கொண்ணும் இல்ல, அவளப் பாருங்க" என்றாள். மகள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு சக்கரங்களிலிருந்தும் புகை வந்தது.

பின்னால் வந்த பஸ் நின்றது. ஆட்கள் இறங்கி வந்தார்கள். பெண்களிடமா வண்டியைக் கொடுப்பார்கள் என்று தெலுங்கில் யாரோ சிரித்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் வணங்கினார். என் பழைய மாணவர், ஏதோ வங்கியில் வேலையில் இருந்தார். "ஏமைந்தி சார்?" என்ன ஆயிற்று என்று பதறினார். பிறகு சக்கரங்களைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டார்.

"பிரேக் சூடாயிடிச்சா சார்? கியர்ல எறங்கலியா?"

அவர் கேட்டதில் ஏளனம் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார். அவரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து முகங்கள். என் மகள் கதவைத் திறந்து அப்போதுதான் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பொண்ணு இப்பதான் கத்துக்கினு இருக்கா. பயந்துட்டா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவர் தலையாட்டினார். கூட்டத்தில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மகள் என்னைப் பார்த்தாள், பிறகு தன் கைகளைப் பார்த்தாள்.

அந்த மாணவரே எங்களைப் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். மனைவிக்குத் தையல் போட்டார்கள். மாலையில் வீட்டில் மகள் என்னிடம் வந்து கேட்டாள்.

"நான் பயந்துட்டனா நைனா?"

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். நடந்ததெல்லாம் அவளுக்குள் குழம்பிக் கிடந்தது. கம்ப்யூட்டரில் நூறு தடவை இறங்கியபோது பிடித்த பிரேக் இங்கே ஏன் பிடிக்கவில்லை என்றால், தன் காலில்தான் தப்பு என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். கணக்குப் படித்த பெண். நான் கொடுத்த எண்களை வைத்துப் போட்ட கணக்கு, வேறு விடை வராது.

"எல்லாருக்கும் வர்றதுதாம்மா" என்றேன்.

அன்று படுக்கும்போது மனைவி, கட்டுப்போட்ட தலையைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, "கண்ண மூடிக்கினது யாருன்னு பின்னால இருந்தவளுக்குத் தெரியும்" என்றாள். கம்ப்யூட்டர் விஷயம் அவளுக்குத் தெரியாது.

மகள் அமெரிக்கா போனாள். ஸ்டியரிங்கை வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனாள். அங்கே போய் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கவில்லை. மாப்பிள்ளை எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஒரு முறை காலி மைதானத்தில் அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்திருக்கிறார். பிரேக்கில் கால் வைத்தவள் எடுக்கவே இல்லையாம். வண்டி கிளம்பாமலே எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிவிட்டாளாம். போனில் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு அது வராதும்மா. மலையில பாத்தீங்க இல்ல?"

பதினான்கு வருஷம் அப்படி இருந்தாள். பேரன் பிறந்தான். பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு சொல்லிக் கொடுக்கக் கூப்பிட்டார்கள், போய் வர வழியில்லாமல் விட்டுவிட்டாள். காய்கறி வாங்குவது சனிக்கிழமை. கோயில் ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களில் ஜன்னல். மாப்பிள்ளை கோபக்காரர் இல்லை, ஆனால் வர வரக் கேட்பதையே விட்டுவிட்டார். என்னிடம் யாராவது மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் சௌக்கியம் என்பேன். பாதுகாப்பாக இருக்கிறாள் என்றும் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். அதில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். ஓட்டாதவளுக்கு விபத்து வராது.

ஒரு நாள் அவள் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பேரன் பள்ளியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான், உடனே வரச் சொன்னார்கள், இவர் போனை எடுக்கவில்லை, அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை, அதனால் நடந்தே போனேன் என்று கதை போலச் சொன்னாள். அங்கே நடைபாதை கிடையாது. சாலை ஓரத்தில் தள்ளி வைத்த பனிக்குவியல் மேலே ஏறி ஏறி நடந்திருக்கிறாள். லாரிகள் பக்கத்தில் போகும்போது குவியலில் ஒட்டிக்கொண்டு நிற்பாளாம். ஒரு தடவை சறுக்கிச் சாலையிலேயே விழுந்தாளாம். வந்துகொண்டிருந்த கார் எப்படியோ ஒதுங்கிப் போயிற்றாம். "போய்ச் சேர்றதுக்குள்ள அவனுக்கு மாவுக்கட்டே போட்டுட்டாங்க. நானு சேத்துல பூந்த எலி மாதிரி போயி நிக்கறேன்" என்று சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். நான் எழுந்து பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். அந்தக் கார் ஒதுங்காமல் போயிருந்தால் என்ற நினைப்பு அன்றிலிருந்து என்னைத் தூங்கவிடவில்லை. பாதுகாப்பு என்று நான் நினைத்திருந்தது இதுதான்.

சில நாள் கழித்து, மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில் நானே கூப்பிட்டேன். நான் தனியாகக் கூப்பிட்டால் பயந்துவிடுவாள். அம்மாவுக்கு என்ன என்றாள். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, எழுதி வைத்ததைப் படிப்பவனைப் போலச் சொன்னேன். அந்த விளையாட்டில் அவள் விழுந்துகொண்டே இருந்தது பிரேக் சூடானதால்தான் என்று. அதை நான் அணைத்துவிட்டேன் என்று. மலையில் நடந்ததும் அதேதான் என்று. அன்றைக்கு அவள் பயப்படவில்லை, நான்தான் பயந்தேன், எங்களைக் காப்பாற்றியது அவள் என்று.

போன் அறுந்துவிட்டதா என்று பார்த்தேன்.

"சூடாவறத ஆஃப் பண்ணிட்டியா?"

"ஆமாம்மா."

"எதுக்கு?"

"நீ அழுத."

"அழுதா இன்னா நைனா? அழுதுட்டு மறுபடி ஓட்டியிருப்பேன் இல்ல?"

அவள் கேட்டாள், பாறைப் பக்கம் உரசி நிறுத்தியது சரிதானா என்று. சரிதான், வேறு யாரும் அதைவிடச் சரியாகச் செய்திருக்க முடியாது என்றேன். இரண்டாவது கியரை எப்போது போட்டிருக்க வேண்டும் என்று கேட்டாள். முதல் வளைவிலேயே என்றேன். அது உனக்கு அப்பவே தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். வைத்துவிட்டாள்.

ஒரு மாதத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. அம்மாவோடு பேசுவாள், நான் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் முடித்துவிடுவாள். மனைவிக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நெற்றிக்கு மேல் இருக்கும் தழும்பைத் தடவிக்கொண்டு, "பதினாலு வருஷம் எப்படிங்க சோறு எறங்குச்சு?" என்று மட்டும் கேட்டாள். இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அதுதான் உண்மை.

பிறகு மாப்பிள்ளை சொல்லித் தெரிந்தது. அவள் ஒரு பயிற்சியாளரிடம் சேர்ந்திருக்கிறாள். முதல் வாரம் மூன்று தடவை வண்டியை நிறுத்தி இறங்கி வாந்தி எடுத்தாளாம். நான்காம் வாரம் நெடுஞ்சாலையில் ஓட்டினாளாம். லைசென்ஸ் வாங்கி, அந்தப் பள்ளிக்கூடத்துக்கே மறுபடி எழுதிப் போட்டு, வேலையும் வாங்கிவிட்டாள்.

அப்போது அங்கே குளிர்காலம் ஆரம்பித்திருந்தது. எங்களுக்கு மாலை விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் அங்கே காலையில் வேலைக்குக் கிளம்புவாள். பனிக்கட்டியின் மேல் டயருக்கு எவ்வளவு பிடிப்பு உண்டு என்று எனக்குத் தெரியும். காய்ந்த தாரோடு ஒப்பிட்டு வகுப்பில் எழுதிக் காட்டியிருக்கிறேன். ஒரு நாள் தாங்க முடியாமல், அம்மாவோடு அவள் பேசிக்கொண்டிருந்த போனை வாங்கி, பனியில் சறுக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினாள்.

"நைனா, இத நான் ரோட்டுல கத்துக்கறேன். நீ எனக்கு எதையும் லேசாக்காத."

கோபமாகச் சொல்லவில்லை. மறுபடி பேசத் தொடங்கிய பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் அது. சரிம்மா என்று போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்புவாள். எனக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க எனக்கு முகம் இல்லை. மாலையில் விளக்கு வைத்ததிலிருந்து அந்தச் செய்தி வரும் வரை நான் முன்னறையில் உட்கார்ந்திருப்பேன். உட்கார்ந்த இடத்திலேயே என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருப்பதை மனைவிதான் கவனித்துச் சொன்னாள். எடுத்தால் மறுபடி போய் அழுத்திக்கொள்கிறது. நேற்று செய்தி வரத் தாமதமாயிற்று. அவள் ஊரில் விடியற்காலையிலிருந்து பனி பெய்வதாகப் போனில் காட்டியது. மனைவி இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டாள். மூன்றாம் முறை கூப்பிடாமல், தட்டை மூடி வைத்துவிட்டு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். கடைசியில் போன் அவள் மடியில் அதிர்ந்தது.

"வந்துட்டாளாம்" என்றாள், எழுந்துகொண்டே. "நாளைக்கும் பனியாம்."